குண்டூசி இல்லாத வாய்

உங்கள் வீட்டுப் புகைப்படங்களில் அம்மா பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்றாவது இருக்கிறதா? சும்மா தலையாட்டாதீர்கள். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். அப்பா சிரித்திருப்பார். பிள்ளைகள் பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்திருக்கும். எவனோ ஒரு சித்தப்பா, யார் தோளிலோ கையைப் போட்டுக்கொண்டு தொண்டைக்குழி வரை காட்டியிருப்பான். அம்மா மட்டும் உதட்டை ஒட்டிவைத்தபடி நிற்பாள். கேட்டால், "அவங்க சுபாவம் அப்படி" என்பீர்கள். சுபாவமாம்! எத்தனை அநியாயங்களின் மேல் இந்த ஒரு சொல்லைப் போர்வையாகப் போட்டு மூடிவைத்திருக்கிறோம்!

இந்தக் கதைக்கு உரியவளையும் அப்படித்தான் அமைதியான சுபாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வேலை ஒரு தையல்கடையில். மருந்துக்கடைக்கு மேலே, ஒடுக்கமான படி ஏறிப் போனால் வரும் மாடிக் கடை. வக்கீல் கோட்டு, நர்ஸ் உடுப்பு, பள்ளிச் சீருடை, காவலாளியின் பட்டை வைத்த சட்டை என்று எல்லாம் தைப்பார்கள். பழையதைப் பிரித்து ஆளுக்கு ஏற்றபடி சரிசெய்தும் கொடுப்பார்கள். துணி வெட்டுவது கட்டிங் மாஸ்டர். காஜா என்கிற பொத்தான் துளை எடுத்துப் பொத்தான் வைப்பது இன்னொரு பெண். அவளைக் காஜாக்காரி என்பார்கள். வந்தவரை மூன்று மடிப்புக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, உடுப்பை உடம்பில் போட்டுப் பார்த்து, தோளில் எவ்வளவு பிடிப்பது, இடுப்பில் எவ்வளவு விடுவது என்று ஊசி குத்தி அடையாளம் வைப்பது நம்மவள் பொறுப்பு. அந்த ஊசிகளை அவள் வாயில்தான் வைத்திருப்பாள். ஒரு கொத்துக் குண்டூசி, கொண்டைகள் வெளியே தெரிய, இரண்டு உதடுகளுக்கும் நடுவில். அதனால் அவளுக்குப் பெயர் குண்டூசியக்கா. அவளைவிட மூத்தவரான மாஸ்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். தேங்காய்த்துருவி, சுருக்கமாகத் துருவி. மேல்வரிசை முன்பற்கள் கீழுதட்டைத் தாண்டி வெளியே வந்து நிற்கும். பஸ் வாசலில் முண்டியடிக்கிற கூட்டம் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். "ஏய் துருவி, எங்க வீட்ல தேங்கா உடைச்சு வச்சிருக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். வகுப்பே சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார் என்பதுதான் அவர் காட்டிய கருணை. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் இருந்தால் ரோஷக்காரி என்று இன்னும் சீண்டுவார்களே. சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அப்படிப் போன கை பிறகு இறங்கவே இல்லை.

கல்யாணத்தன்று போட்டோக்காரர், "எல்லாரும் சிரிங்க" என்றார். பிறகு கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "பொண்ணு மட்டும் வாய மூடிக்கம்மா, படத்துக்கு நல்லா இருக்கும்" என்றார். கெட்ட மனிதரில்லை. நல்லதைத்தான் சொன்னார். உலகத்து அநியாயத்தில் பாதியை இப்படி நல்லது சொல்கிறவர்கள்தான் செய்து முடிக்கிறார்கள்.

தையல் வேலைக்கு வந்த புதிதில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வாயில் ஊசி வைத்திருக்கிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. "ம்", "ம்ஹும்" போதும். யாரும் அவளிடம் சிரிப்பை எதிர்பார்ப்பதில்லை. வாயைப் பொத்தக் கை வேண்டாம். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். மற்றவர்கள் மணிக்கட்டில் ஊசிமெத்தை கட்டிக்கொண்டபோது, அவளுக்குக் கொடுத்த ஊசிமெத்தை மேஜை இழுப்பறையில் புதுக்கருக்குக் கலையாமல் கிடந்தது. நூலை அறுப்பதும் பல்லால்தான். துருத்திக்கொண்டு நிற்கிற சனியனுக்கு இந்த உபயோகமாவது இருக்கட்டும் என்று அவளே மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அறுத்து அறுத்து ஒரு முன்பல்லின் விளிம்பில் சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது.

மகளுக்கும் இதே பல்வரிசை வந்தது. பள்ளியில் யாரும் மகளுக்குப் பெயர் வைப்பதற்கு முந்திக்கொண்டு, இவளே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பல்லுக்குக் கம்பி போட வைத்தாள். "பொண்ணுன்னா இப்படித்தான் கவனிக்கணும்" என்று சொந்தபந்தமே மெச்சியது. இன்று மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போனில் பேசியபடி கூடத்தில் நடந்துகொண்டே சிரித்தால் கடைவாய்ப் பல் வரை தெரியும். அடுப்படியில் நின்றபடி அந்தச் சிரிப்பை ஓரக்கண்ணால் பார்ப்பது அவளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம். ரகசிய ஏக்கமும்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தாறாவது வயதில் அந்தப் பல் பள்ளம் கூச ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் அவள் மகளைவிட ஓரிரண்டு வயது மூத்த பெண். விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நூலைப் பல்லால அறுப்பீங்களாம்மா? கத்திரிக்கோல் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டு, பள்ளத்தை அடைத்துவிட்டாள். வேலை முடிந்தது. நாற்காலியை விட்டு எழ வேண்டியதுதான். அவள் எழவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"டாக்டர், ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்தக் கம்பி போடறாங்களே... அது சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும்தானா?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஈறை அழுத்திப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள், அதை விளக்கில் பிடித்துக் காட்டினாள். "எலும்பு நல்லா இருக்கு, ஈறும் நல்லா இருக்கு. தாராளமா போடலாம். கொஞ்சம் மெதுவா நகரும், அவ்வளவுதான். ஆனா உண்மையச் சொல்லிடறேன். போடலைன்னாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாது. உங்களுக்கு வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

இந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமானதுதான். "இவ்வளவு பிடிச்சா போதுமா, இன்னும் கொஞ்சம் விடவா? உங்களுக்கு எப்படி வேணும்?" என்று நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் கையாலும் கண்ணாலும் அவள் கேட்கிற கேள்வி. அது தன் பக்கம் திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. வேண்டும் என்று தலையைப் பலமாக ஆட்டினாள்.

பல் எப்படி நகர்கிறது தெரியுமா? அது சுவரில் அடித்த ஆணி இல்லை. கம்பி இதமாக, விடாமல் அழுத்தும்போது, பல் போகவேண்டிய பக்கத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவிடுகிறது. விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. பதினாலு வயதிலும் இது நடக்கும், அறுபதிலும் நடக்கும். எலும்பு வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை. மனித உடம்பிலேயே கெட்டியான சமாசாரம் என்று பெயரெடுத்த எலும்பே இவ்வளவு வளைந்து கொடுக்கிறது. உறவுக்காரர்கள்தான் கொடுப்பதில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது எடுத்துவிட்டாள்.

"கம்பியா? உனக்கா?" என்றார் கணவர். பஸ் பணிமனையில் மெக்கானிக்.

"ஈறு கெட்டுப்போகுதாங்க. இப்ப கவனிக்கலைன்னா பல்லெல்லாம் ஒண்ணொண்ணா கொட்டிடுமாம். டாக்டர் சொன்னாங்க."

"அப்படியா? அப்ப உடனே போட்டுக்க. இதையெல்லாம் தள்ளிப் போடாத."

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! ஒரு பெண்ணுக்கு நோய் வரலாம். அதற்கு வீட்டில் அனுமதி உண்டு, கரிசனமும் உண்டு. ஆசை வரக்கூடாது. நாற்பது தாண்டியவளின் ஆசைக்குக் காலாவதி தேதி அச்சடித்தது யார்? எந்தச் சட்டத்தில் அது இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனாலும் நாட்டிலிருக்கிற எல்லாச் சட்டத்தையும்விட ஒழுங்காக இது ஒன்றுதான் அமலாகிறது. அவள் தன் சொந்தச் சம்பளத்தில் போட்டுக்கொள்வதற்கே இல்லாத நோயை வரவழைக்க வேண்டியிருந்தது.

கம்பி கட்டிய முதல் வாரம் தாடை விண்விண்ணென்று தெறித்தது. கன்னத்தின் உள்பக்கம் உரசிப் புண்ணானது. கடையில் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்துப் பார்த்தார்.

"என்ன குண்டூசியக்கா, வாய்க்கு வேலி போட்டாச்சா? ஆடு மாடு எதுவும் நுழைஞ்சுடுச்சா?"

"மாஸ்டர், உங்க வாய்க்கும் ஒண்ணு போடச் சொல்லலாம்" என்றாள் காஜாக்காரி. "வேலி வேணாம், நேரா பூட்டு."

குண்டூசியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் கண்டிப்பாக இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். வாயில் ஊசி வைக்கக் கூடாது; நூலைக் கடிக்கக் கூடாது. இழுப்பறையில் கிடந்த ஊசிமெத்தை அவள் மணிக்கட்டுக்கு வந்தது. அன்றுதான் அவளுக்கு உறைத்தது. கம்பியைக் காட்டிலும் பெரிய சங்கடம் இதுதான். வாய் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு காற்றில் திறந்துகொண்டதுபோல் இருந்தது. முன்பெல்லாம் அளவுக்கு நின்றுவிட்டுப் பேசாமல் போனவர்கள் இப்போது பேச்சுக் கொடுத்தார்கள். "எவ்வளவு நாள் ஆகும்?", "இந்தக் கலர் எனக்கு எடுபடுதா?", "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" பதில் சொல்லியாக வேண்டும். கையோ ஊசியில் இருக்கிறது. சொன்னாள். உதட்டைக் குறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக.

ஒருநாள் வக்கீலம்மா வந்தார். கடைக்குப் பழைய வாடிக்கை. கறுப்புக் கோட்டின் தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று புகார். குண்டூசியக்கா அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்து, கைத்தையலாக ஓர் ஓட்டு ஓட்டினாள். முடிச்சுப் போட்டாள். ஆண்டாண்டுப் பழக்கம் கேட்குமா? தலை தானாகக் குனிந்தது. நூலைப் பல் கவ்வியது. நூல் அறவில்லை. கம்பியின் கொக்கிக்குள் புகுந்து சுற்றிக்கொண்டது. அவள் இழுத்தாள், கோட்டும் கூடவே வந்தது. விட்டாள், விடுபடவில்லை. முகம் வக்கீலம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் வக்கீலம்மா.

"ம்ம்... மாட்டிக்கிச்சு" என்றாள். தோளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாஸ்டர் ஓடி வந்தார். கையில் துணி வெட்டுகிற பெரிய கத்திரி.

"அதைக் கிட்ட கொண்டு வராதீங்க மாஸ்டர்!" என்று அலறினாள் காஜாக்காரி. "மூக்கும் சேர்ந்து போயிடும்!"

"நான் என்ன குருடனா? நூலைத்தானே வெட்டப் போறேன்?"

"போன வாரம் நூலைத்தான் வெட்டப் போனீங்க. நர்ஸம்மா கைப்பட்டை போச்சு."

வக்கீலம்மா கண்ணாடியைப் பார்த்தார். "யாராவது இப்ப உள்ள வந்தா, இந்தம்மா ஏதோ கேஸ் தோத்துட்டு என் தோள்ல சாஞ்சு அழறாங்கன்னு நினைப்பாங்க. கவலைப்படாதீங்கம்மா, அப்பீல் போயிடலாம்."

அதைக் கேட்டதும் குண்டூசியக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. ஒரு கை கோட்டைப் பிடித்திருந்தது, மறு கை ஊசியோடு அந்தரத்தில் நின்றது. பொத்துவதற்குக் கை இல்லை. வாயைத் திறந்து, உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தபோது மூன்று மடிப்புக் கண்ணாடியில் மூன்று பெண்கள் கம்பி பளபளக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திகைத்துப்போனாள். எப்போதும் பொத்திக்கொண்டே சிரித்தவள் தன் சிரிப்பை எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? இதுதான் முதல் பார்வை. பல் இன்னும் பழைய இடத்திலேயேதான் இருந்தது, இம்மியும் நகர்ந்திருக்கவில்லை. ஆனால் அந்த முகம் அவள் இத்தனை காலம் பயந்த முகமில்லை. சிரிக்கிற ஒரு மனுஷியின் முகம், அவ்வளவுதான். காஜாக்காரி நூல்வெட்டும் சின்னக் கத்திரியால் நூலை நறுக்கி விடுவித்தாள். "கோட்டு தப்பிச்சுது" என்றார் மாஸ்டர்.

அதே மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மகளே பார்த்துப் பிடித்த பையன். வீட்டிலும் யாருக்கும் மறுப்பில்லை. தேதி குறித்ததுமே கணவரின் தங்கை வந்து இறங்கிவிட்டாள். எந்த விசேஷத்தையும் தூக்கி நிறுத்துவது தான்தான் என்று அவளுக்கு நினைப்பு. அது ஞாயிற்றுக்கிழமை. கணவர் கழுத்தைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டிக்கொண்டு, தலைக்கும் மீசைக்கும் கறுப்புச் சாயம் பூசி, அது காய்வதற்காகக் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வராத மாதிரி சொல்லு. வராது."

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்தக் கம்பியைக் கழட்டிடுங்க. பொண்ணோட அம்மா முன்னாடி நின்னு நாலு பேரை வாங்கன்னு கூப்பிடணும். வாயைத் தொறந்தா வாணம் விட்ட மாதிரி மின்னுது. மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க? படமெல்லாம் காலத்துக்கும் நிக்கும்."

"கழட்டினா பல்லு பழையபடி வந்து நின்னுடும்."

"நின்னா என்ன? இத்தனை நாள் அங்கதானே நின்னுச்சு?"

"அதுக்கில்லம்மா, ஈறு..."

"ஈறுக்கு ஒண்ணும் இல்லையாம்மா" என்றாள் மகள். தலை நிமிராமல் சொன்னாள். "கொஞ்ச நாளைக்குக் கழட்டி வச்சா ஈறு கெட்டுடுமான்னு கேக்கத்தான் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போன் பண்ணேன். முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு, ஈறா, அவங்க ஈறு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுச்சு."

கணவர் கழுத்தைத் திருப்பினால் சாயம் ஒட்டிக்கொள்ளுமென்று உடம்போடு திரும்பினார்.

"அப்ப எதுக்கு இந்தக் கம்பி?"

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க அண்ணி?" என்றாள் தங்கை.

அந்தக் கேள்வி வந்துவிட்டது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்களைப் பாதிப் படியில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய கேள்வி. பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனவளை, சைக்கிள் ஓட்டப் பழகியவளை, பிடித்த நிறத்தில் துணி எடுத்தவளை. குண்டூசியக்காவின் கை பழக்கதோஷத்தில் வாயை நோக்கிப் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிறகு மடிக்கு இறங்கியது.

"உங்க அண்ணன் தலையில இருக்கறது என்னம்மா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

"சாயம்."

"யாருக்குக் காட்ட?"

"ஏம்மா, ஆம்பளைன்னா நாலு இடத்துக்குப் போகணும் வரணும்" என்றார் கணவர்.

"நீங்க பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை பாக்கறவரு. என்ஜினா உங்க மீசையைப் பாத்து மயங்கப் போகுது?"

ஜன்னலோரத்தில் மகள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். கடைவாய் வரை தெரிகிற அந்தச் சிரிப்பு. குண்டூசியக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குக் கம்பி போட்டப்ப யாராவது யாருக்குக் காட்டன்னு கேட்டாங்களா?"

"நான் அப்ப சின்னப் பொண்ணும்மா."

"நானும் சின்னப் பொண்ணாத்தான் இருந்தேன். எனக்கு யாரும் போட்டு விடலை. அதுக்கு நான் என்ன பண்றது?" சற்று நிறுத்தினாள். "ஈறுன்னு சொன்னது பொய்தான். சீக்குன்னு சொன்னாத்தான் இந்த வீட்ல நம்புவீங்கன்னு சொன்னேன். எனக்கு ஆசை. வேற காரணம் ஒண்ணும் இல்லை. வாயைப் பொத்தாம சிரிக்கணும்னு ஆசை. படத்துல நிப்பேன். கம்பியோடதான் நிப்பேன்."

யாரும் கைதட்டவில்லை. தங்கை, "நல்லதுக்குக் காலமில்லை" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் பேசுவதா வேண்டாமா என்று யோசித்தபடி அதிக நேரம் உட்கார்ந்துவிட்டதில் சாயம் ஊறி நெற்றியில் கறுப்புக் கோடு விழுந்தது. அன்று முழுக்கத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. ஆசை என்று ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்வதற்கு இவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறதே என்று குண்டூசியக்கா ஆச்சரியப்பட்டாள். ஆனாலும் அன்று சாப்பிட்ட தட்டை வழக்கம்போல் கழுவி வைத்துவிட்டு, வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கினாள்.

மகள் சில நாள் அளந்து பேசினாள். கல்யாண உடுப்பு அளவு பார்க்கக் கடைக்கு வந்தே ஆக வேண்டும்; வந்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள். அம்மா மண்டியிட்டு அடி மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து குரல் வந்தது.

"எனக்கு உன் கம்பி மேல வெறுப்பில்லைம்மா."

"ம்."

"ம்னு சொல்லாத. உன் வாயிலதான் இப்ப ஊசி இல்லையே."

"சரி. சொல்லு."

"அங்க யாராவது உன்னைப் பாத்துக் கேலி பண்ணிட்டா... கல்யாணத்தன்னைக்கு அவங்க வீட்டு ஆளுங்களோட நான் எப்படிச் சண்டை போடுவேன்? அதை நினைச்சாத்தான் பயமா இருந்துச்சு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஏன் சண்டை போடற? அதான் என் வாய் இப்ப காலியாத்தானே இருக்கு?"

கண்ணாடியில் இரண்டு பேரும் சிரித்தார்கள். "அசையாத, ஊசி குத்திடும்" என்றாள் அம்மா.

கல்யாணத்தில் வந்தவர்களை அவள் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி அவளைத் தனியாக ஓரம் கட்டி, "இது எங்க போட்டீங்க? வலிக்குமா? எனக்கு அம்பத்தஞ்சு, போடுவாங்களா?" என்று காதோடு காதாகக் கேட்டாள். கேலி செய்தவர்களும் இருந்திருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

குடும்பப் படம் எடுக்க நிறுத்தினார்கள். போட்டோக்கார இளைஞன், "எல்லாரும் சிரிங்க" என்றான். பிறகு கேமராவிலிருந்து முகத்தை எடுத்தான். அவன் பார்வை அவள் வாயில் வந்து தயங்கியது. அவளுக்கு அந்தத் தயக்கம் நன்றாகத் தெரியும், ஒருமுறை பார்த்திருக்கிறாள். அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து கணவர் உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தார்: "விளக்கு ரொம்பச் சுடுது. சாயம் வழியுதா பாரேன்." திரும்பிப் பார்த்தாள். காதோரத்தில் கறுப்பாக ஒரு கோடு சட்டைக் காலரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. "யாருக்குக் காட்ட?" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கை ஏறவில்லை. கேமரா கிளிக்கென்றது.

படம் அப்படியொன்றும் அழகாக வரவில்லை. அவள் கண் இரண்டும் மூடியிருக்கின்றன. பல் இன்னும் கோணல்தான். கம்பியில் விளக்கு பட்டுத் தெறிக்கிறது. ஆல்பம் போடுகிற சமயத்தில் அந்த இளைஞன் போன் செய்தான்.

"அம்மா, உங்க பல்லுல இருக்கற கம்பியை கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாம். பல்லையும் நேராக்கிடலாம். தெரியவே தெரியாது."

"தம்பி, சம்பந்தியோட மூக்குக்கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது பாரு, அதை அழி. எங்க வீட்டுக்காரர் காதுல வழியறதையும் பாவம், அழிச்சுடு. என் கம்பி மேல கை வைக்காத."

இப்போது அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பற்கள் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றன. நேராகும், நாளாகும். அவளுக்கு அவசரமில்லை. ஊசிமெத்தை மணிக்கட்டிலேயே பழசாகிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எழுந்து போங்கள். படங்களை எடுத்துப் பாருங்கள். எந்தப் படத்திலும் வாய் திறக்காத அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், அக்காவாகவோ மாமனாராகவோகூட இருக்கலாம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். அவர்கள் சொல்கிற பதில் எதுவாக இருந்தாலும், "யாருக்குக் காட்ட?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.